புரோட்டான் என்.எம்.ஆர்: பீக் அகலமா வருது, பிளவு தெரியலை

காட்பாடி மாணவன்: 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கருவி (மூலக்கூறுல இருக்கிற ஹைட்ரஜன் அணுக்களோட சிக்னலைக் காந்தப்புலத்துல பதிவு பண்றது). டியூட்டரோ குளோரோஃபார்ம் கரைப்பான்ல 2 மி.கி. சாம்பிள், 16 ஸ்கேன். நாய்ஸ் அதிகம், 2 ஹெர்ட்ஸ் பிளவு (ஒரு பீக் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளாப் பிரியறது) தெரியவே மாட்டேங்குது. ஸ்கேனைக் கூட்டினா போதுமா அண்ணா?

சத்துவாச்சாரி அண்ணா: போதாது தம்பி. 64 ஸ்கேன் போட்டாலும் சிக்னல்-நாய்ஸ் விகிதம் இரண்டு மடங்குதான் ஆகும், அகலம் அப்படியே இருக்கும். முதல்ல டி.எம்.எஸ். (ஒப்பீட்டுக்காகச் சேர்க்கிற டெட்ராமெத்தில்சிலேன்) பீக்கைப் பெருசாக்கிப் பாருங்க. அதுவும் பருத்திருந்தா ஷிம்மிங் (காந்தப்புலத்தைச் சீராக்குறது) சரியில்லை, இல்லைனா கரையாத தூசி. பிப்பெட்ல பஞ்சு வெச்சு வடிகட்டி, 0.6 மி.லி. ஊத்துங்க. குறைஞ்சா ஷிம் சரியா அமையாது. டி.எம்.எஸ். மட்டும் ஒல்லியா இருந்தா சாம்பிள்லயே கோளாறு: இரும்பு, தாமிர அயனி கலந்திருக்கலாம்.

ராணிப்பேட்டை அக்கா: வேலூர் வெயில்ல எடுத்துட்டு வந்த குழாயை உடனே ஷிம் பண்ணாதீங்க. காந்தத்துக்குள்ள 5 நிமிஷம் விடுங்க, சூடு சமமாகணும். எஃப்.ஐ.டி. (நேரம் போகப் போகத் தேயுற மூல சிக்னல்) பதிவு நேரம் 4 விநாடி வையுங்க. லைன் பிராடனிங் (நாய்ஸைக் குறைக்கக் கணக்குல பீக்கைக் கொஞ்சம் அகலமாக்குறது) 0.3 ஹெர்ட்ஸுக்கு மேல வேண்டாம்.

காட்பாடி மாணவன்: டி.எம்.எஸ். பீக்கே 1.8 ஹெர்ட்ஸ் அகலம் அக்கா. இப்பவே வடிகட்டுறேன்.