கோலாலம்பூர் ஏன் கடலோரத்தில் இல்லை?

செந்தூல்வாசி:
பினாங்கு, மலாக்கா எல்லாம் கடலோரம். கோலாலம்பூர் மட்டும் ஏன் உள்ளே தள்ளி, ஆற்றுச் சேற்றில்? நம் தமிழர்கள் உழைத்த ரப்பர் தோட்டங்களும் ஏன் மேற்குப் பக்கமே குவிந்தன?

ஆற்றங்கரை:
ஈயம்தான் (டின், அதாவது வெள்ளீயம்) காரணம். 1857-இல் ஈயம் தேடி 87 பேர் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். கோம்பாக் ஆறு கலக்கும் இடத்துக்கு மேல் சுமைப் படகு போகாது. இறங்கி அம்பாங்குக்குக் காட்டுவழியே நடந்தார்கள். சரக்கு இறங்கிய இடத்தில் கடை வந்தது, பிறகு ஊர். கருங்கல் மலை தேய்ந்து வரும்போது கனமான ஈயத்தாது அடிவார வண்டலில் தங்கிவிடும். அதனால்தான் லம்பங்கள் (ஈயம் தோண்டும் இடங்கள்) அங்கே. ஆற்றோரம் ஊர் அமைந்ததற்கு விலையாக வெள்ளம் வந்தது. 2007-இல் திறந்த ஸ்மார்ட் எனும் வெள்ளநீர்ச் சுரங்கப்பாதை, 9.7 கிலோமீட்டர், அதற்காகவே.

பால்மரம்:
தோட்டங்கள் ஈயத்துக்குப் போட்ட ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தன. ரப்பருக்கு மழையும் வேண்டும், வேரில் தண்ணீரும் தேங்கக் கூடாது. மேட்டுநிலம் அதற்குத் தோது. விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மண்ணில் போய்விடும். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் நேராக அறைகிறது. மேற்கை மலைத்தொடர் மறைக்கிறது. தீம்பார் (ரப்பர் தோட்ட) வேலைக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

செந்தூல்வாசி:
நன்றி. கோலாலம்பூரின் செந்தூலில் வாடகை வீடு பார்க்கிறேன், வெள்ளம் வருமா என்று எப்படித் தெரியும்?

ஆற்றங்கரை:
சுவரடியில் பழுப்புக்கோடு, துருப்பிடித்த கேட் அடிப்பாகம், உயர்த்திய பிளக் பாயிண்ட் இருக்கிறதா பாருங்கள். ஏப்ரல் அல்லது அக்டோபரில், மாலை இடிமழை முடிந்த கையோடு ஒருமுறை போங்கள்.