எங்கள் ஆபீஸிலேயே பிறந்த 'அர்ஜென்ட்'

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராக இருந்தபோது நடந்தது. டி-ஷர்ட் சாம்பிளுக்கான துணி சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தது. "நாளைக்குக் காலையில கூரியர் போயே ஆகணும்" என்றார் மேலாளர்.

பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாளாவது தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும். இழுபட்ட துணி அப்போதுதான் தன் அளவுக்குத் திரும்பும். "தம்பி, ராத்திரி கிடக்கட்டும், நாளைக்கு வெட்டித் தர்றேன்" என்றார் கட்டிங் மாஸ்டர். மேலாளர் கேட்கவில்லை. நானும் மாஸ்டர் பக்கம் நிற்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்துக் கிளம்பிய டெய்லர் அக்காக்கள் இரண்டு பேரை நிறுத்தி வைத்தோம். ஒருவருக்குக் கைக்குழந்தை. போனில் அது அழுவதைக் கேட்டுக்கொண்டே ஓவர்லாக் அடித்தார்.

பதினோரு நாள் கழித்து, ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து மெயில். லீவு முடிந்து இன்றுதான் பார்சலைப் பிரித்தாராம். துவைத்ததும் நீளம் குறைகிறது, வேறு அனுப்புங்கள் என்றிருந்தது. பழைய மெயில்களையெல்லாம் தேடினேன். அவர் அவசரம் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

பிறகொரு நாள் தூத்துக்குடியில் கப்பலுக்கு நேரம் நிஜமாகவே நெருங்கியது. பேக்கிங்கில் ஒருவரும் அசையவில்லை. "தினமும் இதத்தானே சார் சொல்றீங்க?" சரக்கு விமானத்தில் போனது, அந்த ஆர்டரின் லாபமும் போனது. அவர்கள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

பதில்:
இதே கதை எங்கள் ஆஸ்பத்திரி லேபிலும் உண்டு. வார்டிலிருந்து வரும் சீட்டுகளில் பாதிக்கு மேல் சிவப்பு மையில் 'அவசரம்'. வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கும் அதே சிவப்பு. ஒரு இரவு நெஞ்சுவலியோடு வந்தவரின் ட்ரோபோனின் குழாய் அந்தக் கூட்டத்தில் பதினாலாவதாகக் கிடந்தது. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் அது. சிஸ்டர் ஓடி வந்து கேட்ட பிறகுதான் என் கண்ணில் பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று விடியும் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அதன்பின் எத்தனை மணிக்குள், எதற்காக என்று சீட்டிலேயே எழுதச் சொன்னோம். சிவப்புச் சீட்டு மளமளவென்று குறைந்தது.

பதில்:
எழுதச் சொன்னதற்கு டாக்டர்கள் கோபப்படவில்லையா?

பதில்:
முதல் வாரம் கோபப்பட்டார்கள். அந்தப் பதினாலாவது குழாயைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டர்தான் முதலில் பேனாவை எடுத்தார்.