பட்டப்பகலில் பாருக்குப் போன கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கம் வேலை விஷயமாக வருகிறவர்கள் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மதியமாவது ஏதாவது ஒரு தெருமுனை ஸ்போர்ட்ஸ் பாரில் உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கட்சி. குடிக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் கூட்டிப் போன நண்பன் குடிக்க மாட்டான், கறியும் தொட மாட்டான். ஆனாலும் ஆட்டம் முடிகிறவரை ஸ்டூலை விட்டு எழவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ப்ராஜெக்டுக்காக இந்த மாநிலத்து மில்வாக்கி நகருக்கு வந்திருந்தான். "பாருக்கா? மத்தியானம் பன்னண்டு மணிக்கா?" என்று இழுத்தான். அவன் மனதில் இருந்தது டாஸ்மாக்கை ஒட்டிய பார். ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், தெரிந்தவர் யாராவது பார்த்துத் தொலைப்பார்களோ என்ற பயம். கதவைத் திறந்ததும் அவன் கண்ணில் பட்டது, உயர நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை. பக்கத்தில் பச்சை ஜெர்சி போட்ட பாட்டி, கையில் பீர். அவ்வளவு பேர் இருந்தும் யாரும் யாரிடமிருந்தும் ஒளியவில்லை. இந்த மாநிலச் சட்டப்படி, பெற்றோர் கூட இருந்தால் 21 வயது ஆகாத பிள்ளைக்கே பாரில் மது கொடுக்கலாம். இதைச் சொன்னபோது நான் கதை விடுகிறேன் என்றே நினைத்தான். எனக்கும் அந்தச் சட்டத்தில் உடன்பாடில்லை, அது வேறு விஷயம்.

அன்று இந்த மாநிலத்து அணியான கிரீன் பே பேக்கர்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். 1921-லிருந்து தொடரும் பகை. கிழக்குக் கரையில் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பன்னிரண்டுக்கே தொடங்கிவிடும். பெரிய திரைகள் எல்லாம் அதற்குத்தான். மூலையில் மினசோட்டா வைக்கிங்ஸ் சட்டை போட்ட ஒருவர் மட்டும் சின்ன டிவி ஒன்றில், சத்தமில்லாமல், தன் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு டிவியில் பெரும்பாலும் அந்தந்த ஊருக்கு ஒதுக்கிய ஆட்டங்கள்தான் வரும். மற்றதைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது அப்படிக் கட்டியிருக்கும் பாருக்கு வர வேண்டும். எதிரி அணி ரசிகருக்கும் இங்கே ஒரு டிவி உண்டு, கிண்டலும் உண்டு.

எங்களுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர், நண்பனின் முழியைப் பார்த்தே புரிந்துகொண்டார். கேட்காமலே விளக்க ஆரம்பித்தார். பந்தைப் பத்து யார்டு முன்னே நகர்த்த நாலு வாய்ப்பு. நகர்த்தினால் மறுபடி நாலு. மூன்றாவதிலும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். பீர் டம்ளருக்கு அடியில் வைக்கும் அட்டையில் கோடு போட்டுக் காட்டினார். "ஓவர் மாதிரிதான்டா இது" என்றான் இவன். ஓவர் மாதிரி இல்லவே இல்லை, ஆனால் அந்தப் பிடி கிடைத்ததும் அவனுக்கு ஆட்டம் ஓட ஆரம்பித்தது, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. கடிகாரக் கணக்கில் ஆட்டம் 60 நிமிடம், உட்காருவது மூன்று மணி நேரத்துக்கு மேல், பந்து உண்மையில் ஓடுவது இருபது நிமிடம்கூடத் தேறாது. மீதி நேரம் முழுக்க இப்படிப் பேசத்தான்.

சைவக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். சீஸ் கர்ட்ஸ்தான் இந்த ஊர் பதார்த்தம்: சீஸ் துண்டுகளை மாவில் முக்கிப் பொரித்தது. ஆனால் சிக்கன் விங்ஸ் பொரிக்கிற எண்ணெயிலேயே இதையும் போடுவார்களா என்று கேட்டுவிட வேண்டும். இங்கே தனி எண்ணெய் என்றார்கள், பிழைத்தான். நான் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில் வாங்கினேன். மற்ற ஊர்களில் அதை விஸ்கியில் கலப்பார்கள், விஸ்கான்சினில் பிராந்தியில். மேலே ஸ்ப்ரைட் மாதிரி சோடாவை ஊற்றி, ஆரஞ்சும் செர்ரியும் நசுக்கிப் போடுவார்கள். கொஞ்சம் தித்திப்பு அதிகம்தான், எனக்குப் பிடிக்கும்.

பேக்கர்ஸ் பந்தை எதிரணியின் கடைசிக் கோடு வரை கொண்டுபோய் ஒரு டச்டவுன் அடித்ததும் கவுண்டருக்குப் பின்னால் மணியை அடித்தார்கள். முன்பின் தெரியாத பாட்டி எழுந்து வந்து நண்பனுக்கு ஓங்கி ஒரு ஹை-ஃபைவ் அடித்துவிட்டுப் போனார்.

இடைவேளையில் பெரியவர் சாவகாசமாகச் சொன்னார், தானும் இந்த அணிக்கு ஒரு முதலாளி என்று. போதையில் உளறுகிறார் என்று நண்பன் என்னைப் பார்த்தான். உளறல் இல்லை. 1923-லிருந்து பேக்கர்ஸ் ஊர்மக்கள் பங்கு வைத்திருக்கும் அணி. இப்போது பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். கிரீன் பேயின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்துச் சொச்சம்! பெரியவர் 1997-இல் 200 டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்கி, ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம். லாப ஈவு கிடையாது, விலை ஏறாது, வெளியாருக்கு விற்க முடியாது. என்எஃப்எல் என்ற இந்த லீக்கின் மற்ற 31 அணிகளும் பெரும்பணக்காரர்கள் கையில். லீக் விதியும் இப்போது இப்படி ஒரு புது அணியை அனுமதிக்காது. அவ்வளவு சின்ன ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றால், தேசிய டிவி உரிமைப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் முக்கியக் காரணம். நியூயார்க்குக்கும் அதே பங்கு, கிரீன் பேக்கும் அதே பங்கு. இதைக் கேட்டபோதுதான் நண்பன் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான். நம் ஐபிஎல் அணிகளை நினைத்திருப்பான்.

பில் வந்தது. டிப்ஸ் எவ்வளவு என்று வழக்கமான சண்டை. விஸ்கான்சினில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.33 டாலர்தான், மீதியை நாம்தான் கொடுக்கிறோம் என்றேன். இருபது சதவீதத்துக்கும் மேலே வைத்தான். அதுவும் தண்ணீரும் கோக்குமாகவே குடித்தவன்.

கிளம்பும்போது, பங்கு எங்கே வாங்கலாம் என்று பெரியவரிடம் கேட்டான். நினைத்தபோது கிடைக்காது. கடைசியாக 2021-22-இல் 300 டாலருக்கு விற்றார்கள், அதற்கு முன்னால் 2011. சீசன் டிக்கெட்டுக்கோ காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். அதனால் பிள்ளை பிறந்ததுமே பெயர் எழுதிவைப்பது இங்கே வழக்கம் என்றார். இவன் மகள் கோயம்புத்தூரில் யூகேஜி படிக்கிறாள். காரில் ஏறியதும் போனில் அந்தப் பட்டியலைத் தேட ஆரம்பித்துவிட்டான்.