நிலாவெளி வீதிப் பிள்ளைகளுக்குக் காலை பஸ்: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் திருகோணமலை நகரில் தரம் 8 படிக்கிறாள். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. ஆறரை மணிக்கே சாம்பல்தீவுச் சந்தியில் நிற்கிறோம். ஆனால் நிலாவெளிப் பக்கமிருந்து வரும் பஸ்கள் நிறைந்து வழிவதால் பல நாள் நிறுத்தாமலே போய்விடுகின்றன.

பிந்தினால் முதலாம் பாடம் போய்விடும். இந்தத் தவணை அது கணிதம். அட்சரகணிதத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டவள், இப்போது அந்தக் கொப்பியைத் திறக்கவே தயங்குகிறாள். "பிந்திப் போவதைவிடப் போகாமலே இருக்கிறேன் அம்மா" என்கிறாள். எனக்கு அதுதான் பயம். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். அந்த வயதில் திடீரென்று ஒழுங்கு வந்துவிடாது.

தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 'சிசு செரிய' மாணவர் பஸ் சேவையை உங்கள் ஊருக்குப் பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடிதத்தை யார் மூலம் அனுப்பினீர்கள்? அதிபரின் கையொப்பம் போதுமா, வலயக் கல்வி அலுவலகமும் பரிந்துரைக்க வேண்டுமா? அதுவரை, இவ்வழியே நகருக்குப் போகும் பாடசாலை வானில் ஓர் இடம் இருந்தாலும் சொல்லுங்கள். சந்தியில் இவளோடு நிற்கும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறார்கள்.