இருளர் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்: களத்தில் இருப்பவர்கள் பகிர்ந்தவை

ஏரிக்கரை:

திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிற தன்னார்வலர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லையா?" என்பதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிள்ளை படிக்க வேண்டாம் என்று சொன்ன ஒரு தாயையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கிப் பிழைக்க வழியில்லாதவர்களைத்தான் சந்திக்கிறேன். தங்கிப் படித்த பிள்ளைகளையும் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பத்தாம் வகுப்போடு நிற்க வைத்திருக்கிறோம்.

பகல் பதினொரு மணிக்குக் கையில் கோப்போடு போனால் அங்கே ஆள் இருக்காது. சவுக்கு வெட்டப் போயிருப்பார்கள், நடவுக்குப் போயிருப்பார்கள். வாசலில் ஒரு கிழவியும் கைக்குழந்தைகளும் இருந்தால் அதிர்ஷ்டம். ஜீப்பில் போய் இறங்கினால் அந்தக் கிழவியும் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் போய்விடுவார். சுற்றுவட்டாரத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் இருளர் ஆண்களைத் தேடி வந்து ஏற்றிக்கொண்டு போன கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றன. அந்தப் பயத்தை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் போக்க முடியாது. நாங்கள் இரவு எட்டு மணிக்கு மேல், சோறு வடித்த பிறகு, அந்தக் குடியிருப்பிலேயே யாராவது ஒரு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்து போகிறோம்.

இப்போது சான்றிதழ். மற்ற பிரிவினர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அளவில் முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றிதழை மட்டும் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். போலிச் சான்றிதழ்களைத் தடுப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் போலிக்காரர்கள் வக்கீல் வைத்து வழி தேடிக்கொள்கிறார்கள், அசல் இருளர்தான் கூலியை விட்டுவிட்டு அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடக்கிறார்.

ஒரு விசாரணைக்கு உடன் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு முடித்த பெண். அதிகாரி அவளிடம், எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அப்புறம் எப்படி இருளர் என்றார். பின்னால் நின்ற பாட்டி முன்னால் வந்தார். வரப்பில் வளையின் வாயில் ஈர மண் புதிதாகத் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மற்ற வாய்களையெல்லாம் மண் வைத்து அடைக்க வேண்டும், அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வாயை வளையோடு பொருத்தி ஊத வேண்டும், எலி மயங்கிய பிறகு தோண்டினால் உள்ளே அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அதிகாரி முழுவதையும் எழுதிக்கொண்டார். சான்றிதழும் வந்தது. வெளியே வந்ததும் பாட்டி என்னிடம், "செட்டியார் பிள்ளையைத் தராசு பிடித்துக் காட்டச் சொல்கிறார்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு வழி, இரத்த உறவில் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவரைக் கண்டுபிடிப்பது. பிழைப்புக்காகச் சிதறியவர்கள் என்பதால் தாய்மாமன் எந்த ஊரில் இருக்கிறார் என்றே பலருக்குத் தெரியாது. ஆனால் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டத்துக் குடும்பங்கள் புடவைகளைக் கட்டி மணலில் தங்கும். விடியலில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். எங்களுக்கு அந்தக் கடற்கரை நடமாடும் வம்சாவளிப் பதிவேடு. யாருக்கு யார் அண்ணன், யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். சான்றிதழ் உள்ள உறவினர் ஒருவர் கிடைத்துவிட்டால், அவருடைய நகலோடு விண்ணப்பம் பாதி வேகம் பிடித்துவிடும்.

சாக்பீஸ்:

செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஏரிக்கரை எழுதியதற்கு வகுப்பறையிலிருந்து சில வரிகள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள்தான் எங்களுக்கு ஆண்டின் மோசமான நாள். பின் வரிசை காலியாக இருக்கும். மழை ஓய்ந்து செங்கல் சூளைகள் கல் அறுக்கத் தொடங்கும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் கூலி வேலை இல்லாதபோதோ, பிரசவத்துக்கோ, சாவுக்கோ வாங்கிய முன்பணத்துக்காகக் கணவன் மனைவி இருவரும் ஜோடியாகப் போயாக வேண்டும். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் சூளையின் வாசல்வரை போய்ச் சேர்வதற்குள் ஜூன் மாதம் வந்து சூளை வேலையே முடிந்துவிடுகிறது.

2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றி நகரத்தில் விவாதம் நடந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதிகாலையிலேயே தாய் வேலைக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளை, கிச்சடிக்காக மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்கிறது. ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும், புள்ளிவிவரம் தேவையில்லை.

பெரிய பெண்களுக்கு இது போதாது, அவர்கள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும். அங்கன்வாடி இரண்டு வயது ஆனால்தான் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், தம்பியையும் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்றேன். சாக்கு விரித்து உட்கார வைத்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி அவனைப் பார்த்துவிட்டு, "இந்த மாணவர் எந்த வகுப்பு?" என்று கேட்டார். "சேர்க்கைக்கு முந்தைய வகுப்பு, ஐயா" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லா அதிகாரிகளும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. பத்து வயதுப் பிள்ளையை, இதுவரை பள்ளி வாசலையே மிதித்திராவிட்டாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. சிக்கல் பிறகு வரும். சூளையில் பிறந்த பிள்ளைக்கு, தாய் கர்ப்பமாக இருக்கும்போது செவிலியர் பதிந்து தரும் கர்ப்பப் பதிவு எண் இருக்காது, அதனால் பிறப்புச் சான்றிதழ் இழுபறி. அது இழுத்தால் ஆதார் இழுக்கும், ஆதார் இழுத்தால் வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் இழுக்கும். கிராம சுகாதார செவிலியரைக் கையோடு பிடித்துவையுங்கள். என் அனுபவத்தில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அவர்தான்.

பன்னிரண்டாம் எண் அறை:

கொத்தடிமை மீட்பு வழக்குகளில் உதவுபவன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மீட்பு நடந்த இரவு செய்தியாகிவிடும். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தருவார், உடனடி உதவியாக 30,000 ரூபாய்வரை வரும். முழு மறுவாழ்வுத் தொகை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆண்களுக்கு 1 லட்சம், கொடிய சுரண்டல் என்றால் 3 லட்சம். ஆனால் அது வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.

அரிசி ஆலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொந்த ஊரில் இறக்கிவிட்டோம். சொந்த ஊர் என்றால் ஏரிப் புறம்போக்கில் முன்பு குடிசை இருந்த இடம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. தார்ப்பாயைக் கட்டினார்கள். ரேஷன் அட்டை ஆலை முதலாளியிடம். மழைக்காலம் வந்ததும் வேறொருவர் முன்பணத்தோடு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்ல அந்த மனிதருக்கு மனம் இருந்தது, அரிசி இல்லை. அதன் பிறகு, விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும் அன்றே ரேஷன் அட்டைக்கும் மனைப் பட்டாவுக்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்காமல் நாங்கள் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை.

கூடலூர்க்காரி:

நீலகிரியிலிருந்து. தமிழ்நாட்டில் தொல்பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் இருளரும் உண்டு, எங்கள் பகுதிப் பணியரும் காட்டுநாயக்கரும் உண்டு. அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே எல்லோருக்கும் ஒரே மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள்.

காட்டுநாயக்கர் பிள்ளைகளும் தேன் காலத்தில் வருவதில்லை. பதிவேட்டில் சூளைக்குப் போன பிள்ளைக்கும் இவனுக்கும் போடுவது அதே 'இடைநிற்றல்'. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சூளைக்குப் போவது கடன். தேனுக்குப் போவது தாத்தாவிடம் பாடம் கேட்கப் போவது. எந்த மரத்தில் பூ வந்தால் எந்தப் பாறையில் அடை கட்டும் என்பதை எட்டு வயதில் கற்றுக்கொண்டு திரும்புகிறவனை ஏன் விடுபட்டவன் என்கிறோம்? திரும்பி வருபவனைக் கேலி செய்யாத வகுப்பறை இருந்தால் அவன் வருகிறான்.

இங்கே 1980-களின் நில உரிமைப் போராட்டத்தில் சேர்ந்து நின்ற மக்களிடமிருந்துதான் மருத்துவமனையும் பள்ளியும் வளர்ந்தன. 1990-இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியபோது அவர்கள் வீட்டுப் பெண்களே செவிலியர் வேலைக்குப் பயிற்சி பெற்றார்கள். காய்ச்சலென்று வரும் பணியர் பாட்டியிடம் அவர் மொழியில் பேச ஆள் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த நாங்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தாளிகள்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

புது வரவு:

சமூகப்பணி முதுகலை மாணவி. களப்பயிற்சிக்கு இருளர் குடியிருப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் பிள்ளைகளின் படங்கள் இணைக்க வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எடுக்கலாமா? எப்போது வந்தால் நல்லது?

ஏரிக்கரை:

படம் வேண்டாம். மீட்கப்பட்ட குடும்பம் என்றால் வழக்குக்கே கெடுதல். வழிகாட்டி விடாப்பிடியாக இருந்தால் குடியிருப்பின் வரைபடத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லி இணையுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, பாம்புப் புற்று எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை போட்டுத் தருவார்கள், உங்கள் கேமராவில் அதெல்லாம் வராது. வீடு, பட்டா, வேலை என்று எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மனு எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

பாம்பு பிடிப்பதைக் காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கிலும் நஞ்சு எடுக்கிறார்கள், விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. பார்க்க வேண்டுமென்றால் அங்கே டிக்கெட் வாங்கிப் பாருங்கள்.

வருவதென்றால் பொங்கலுக்கு முன்பே வாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தேடும் பிள்ளைகள் பாதிப் பேர் சூளையில் இருப்பார்கள், உங்களை உள்ளே விடமாட்டார்கள்.