டெலீட் லிங்க்கை அழுத்தியது யார்?

எந்த ரெக்கார்டை நீக்க வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷன் இல்லாமல் டெலீட் குவெரி (டேட்டாபேஸில் நீக்கும் கட்டளை) ஓடி, டேபிளே காலியான கதையை இங்கே பலரும் சொல்லியிருக்கிறீர்கள். நான் பார்த்தது வேறு. குவெரி சரியாகத்தான் இருந்தது, ஒரு தடவைக்கு ஒரு ரெக்கார்டைத்தான் நீக்கும். ஆனாலும் டேபிள் காலி.

ஒரு துணிக்கடையின் தளம், முன்பு யாரோ பிஎச்பி (PHP) என்ற சர்வர் மொழியில் எழுதிக் கொடுத்தது. காலையில் பார்த்தால் பட்டியலில் ஒரு புடவைகூட இல்லை. கணினியில் சரக்கு ஏற்றும் பெண்தான் அழித்துவிட்டார் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். அவசரப்படாதீர்கள் சார் என்று சொல்லிவிட்டு, சர்வருக்கு வந்த கோரிக்கைகளையெல்லாம் பதிந்து வைக்கும் ஆக்சஸ் லாகைத் திறந்தேன். டெலீட்.பிஎச்பி?ஐடி=1, ஐடி=2, ஐடி=3... ராத்திரி முழுக்க வரிசையாக. கோரிக்கை அனுப்பியது எது என்று காட்டும் யூசர் ஏஜென்ட்டைப் பார்த்தால் ஒரு தேடுபொறியின் பாட், அதாவது தளங்களைச் சுற்றிவரும் தானியங்கி நிரல்! அதைக் காட்டிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு மூச்சே வந்தது.

பட்டியல் பக்கத்துக்கு லாகின் சோதனையே கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் 'நீக்கு' என்று சாதாரண லிங்க். லிங்க் பிடித்துப் போவதுதானே பாட்டின் வேலை. 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி அதைத் தடுக்கவில்லை; பாட் கிளிக் செய்யாமல் லிங்க்கின் முகவரியை நேராகக் கேட்டுவிடும். டெலீட் பக்கத்தில் சோதனை இருந்தது: லாகின் செய்யாதவரை, வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் ஹெட்டர் லொக்கேஷன் வரி போட்டுத் திருப்பிவிடும். ஆனால் அடுத்த வரியில் ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்தும் எக்ஸிட் இல்லை. ஹெட்டர் போட்டதால் ஸ்கிரிப்ட் நின்றுவிடாது. கீழே இருக்கிற டெலீட்டும் ஓடித்தான் முடியும்.

லாகினைச் சரிசெய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 2005-இல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற, தளங்களை வேகமாகத் திறப்பதற்கான மென்பொருள், பக்கத்திலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே இழுத்து வைக்கப்போய், லாகின் செய்திருந்தவர்களின் தகவல்களே சில தளங்களில் அழிந்தன. லிங்க்கை அழுத்தினால் போகும் கெட் (GET) கோரிக்கை தகவலை எடுத்துத் தருவதற்கு மட்டும்தான் என்று 1999-இலேயே பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி 1.1 விதிகளில் எழுதிவிட்டார்கள்.

முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து சரக்கு விவரம் திரும்பியது. லிங்க்கை எடுத்துவிட்டு சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் ரகசியக் குறி) போஸ்ட் ஃபார்ம் (மாற்றங்களைச் செய்யும் கோரிக்கையை அனுப்பும் படிவம்) வைத்தேன். ஐடி இப்போது பிடிஓ பிரிப்பேர் வழியாக, அதாவது குவெரியோடு ஒட்டாமல் தனியாகப் போகிறது. எத்தனை ரெக்கார்டு நீங்கியது என்று சொல்லும் ரோகவுண்ட் 1 என்று வந்தால்தான் 'நீக்கப்பட்டது' என்று காட்டும். அப்புறம், பழைய பிஎச்பி தளம் எது கைக்கு வந்தாலும் எக்ஸிட் இல்லாத ஹெட்டர் வரிகளைத்தான் முதலில் தேடுகிறேன். போன வாரம் வந்த தளத்திலும் இருந்தது.