மருந்துச் சீட்டு இருந்தும் மருந்து வாங்காதது ஏன்?

கேள்வி: இரத்த அழுத்தத்திற்கு எழுதித்தந்த மாத்திரையை என் தந்தை முதல் மாதம் மட்டுமே வாங்கினார், சீட்டு அவருடைய சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடக்கிறது. பணத் தட்டுப்பாடும் இல்லை. பிறகு ஏன் இப்படி?

பதில் 1: தலைவலி மாத்திரை போட்டால் வலி நிற்பது தெரியும்; இரத்த அழுத்த மாத்திரையோ, வரவிருந்த பக்கவாதத்தைத் தடுத்தாலும் அதை நமக்குக் காட்டுவதில்லை. வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோயாளிகளில் சராசரியாக 50 சதவீதத்தினர்தான் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

பதில் 2: நான் மருந்தாளுநர். விலையைக் கேட்டதும் ‘பிறகு வருகிறேன்’ என்று திரும்புபவர்கள் ஒருபுறமிருக்க, பக்கவிளைவைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. வறட்டு இருமல் தரும் இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் மாற்றித் தருவார், அவரிடம் சொன்னால்தானே!

கேட்டவர்: விசாரித்தேன்; இருமல்தான் காரணமாம்.